எத்தனையாவது வாரம், என்ன கேள்வி?

கோலாலம்பூரில் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு மகப்பேறு கிளினிக்கில் அரை மணி நேரம் காத்திருந்தால் இந்தப் பேச்சு கட்டாயம் காதில் விழும். "ஸ்கேன் பாத்தாச்சாம்மா? என்ன சொன்னாங்க?" "எல்லாம் நல்லா இருக்குன்னாங்க கா."

அந்த "எல்லாம்" என்ற சொல்தான் எனக்குக் கவலை தருகிறது. 7-ஆவது வாரத்தில் எடுத்த ஸ்கேன் குழந்தையின் முதுகெலும்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 32-ஆவது வாரத்தில் எடுத்த ஸ்கேனை வைத்துப் பிரசவத் தேதியை நிர்ணயிக்க முடியாது. ஒவ்வொரு ஸ்கேனும் சில கேள்விகளுக்காக எடுக்கப்படுவது. அந்தக் கேள்விகளுக்கு உரிய வாரம் உண்டு. வாரம் தவறினால் அதே கருவி, அதே மருத்துவர் இருந்தும் பதில் கிடைக்காமல் போகும். நம் பெண்கள் பலர் முதல் ஸ்கேனைத் தள்ளிப்போடுவதையும், பிறகு முகம் பார்க்கும் 4டி படத்துக்கு மட்டும் ஆர்வமாகப் போவதையும் பார்க்கும்போது இதை விரிவாக எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

முதலில் கருவி. அல்ட்ராசவுண்ட் என்பது ஒலி, எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு அதில் கிடையாது. நம் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். வயிற்றின் மேல் வைக்கும் ப்ரோப் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகளை அனுப்புகிறது. போன ஒலி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, உடலுக்குள் ஒலியின் வேகம் விநாடிக்கு 1,540 மீட்டர் என்ற கணக்கில், கருவி தூரத்தைக் கண்டுபிடித்துப் படமாக்குகிறது. அதிர்வு கூடினால் படம் கூர்மையாகும், ஆனால் ஆழம் போகாது. பிறப்புறுப்பு வழியே வைக்கும் மெல்லிய ப்ரோப் 5 முதல் 9 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வதும், கர்ப்பப்பைக்கு மிக அருகில் இருப்பதால் தெளிவான படம் தருவதும் இதனால்தான்.

இந்த ஒலிக்குக் காற்று எதிரி. தோலுக்கும் ப்ரோப்புக்கும் நடுவில் மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலே திரை கறுத்துவிடும், அதற்காகத்தான் ஜெல். குடலில் வாயு நிறைந்திருந்தாலும் அதே கதி. கர்ப்பத்தின் தொடக்கத்தில் "தண்ணி குடிச்சிட்டு வாங்க, சிறுநீர் போகாதீங்க" என்று சொல்வது, நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கிவிட்டுக் கர்ப்பப்பைக்கு ஒரு ஜன்னல் திறக்கும் என்பதற்காக. ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு மூன்று கிளாஸ், ஏறக்குறைய 600 மில்லிலிட்டர் போதும். இரண்டு போத்தல் குடித்துவிட்டு வலியோடு வந்து உட்கார வேண்டாம். பிறப்புறுப்பு வழியே பார்க்கும் உள் ஸ்கேன் என்றால் நேர் எதிர்: சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். நான்கு மாதத்துக்கு மேல் குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிநீரே ஜன்னலாக இருப்பதால் தண்ணீர் குடித்துக்கொண்டு போகும் அவசியம் பெரும்பாலும் இல்லை.

வயிற்றுக் கொழுப்பு ஒலியை உறிஞ்சிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் "பார்வை குறைவு" என்று எழுதியிருந்தால் அது யாரையும் குறை சொல்வது இல்லை, படத்தின் தரத்தைப் பற்றிய குறிப்பு. ஒன்றிரண்டு வாரம் கழித்து மீண்டும் வரச் சொன்னால் கட்டாயம் போங்கள், ஏனென்றால் பார்க்க முடியாத உறுப்பைப் "பார்த்தாயிற்று, சரி" என்று எழுதுவதுதான் ஆபத்து.

உள் ஸ்கேன் என்றதும் முகம் சுருங்குகிறது. புரிகிறது. ஆனால் ஆரம்ப வாரங்களில் அது கருவைக் கலைக்காது, ரத்தப்போக்கை உண்டாக்காது. ப்ரோப்பின் மேல் ஒவ்வொருவருக்கும் புதிய உறை மாட்டுவார்கள். ரப்பர் கையுறையால் அரிப்பு வருபவர்கள் முன்கூட்டியே சொன்னால் வேறு உறை போடுவார்கள். அறையில் ஒரு பெண் தாதி உடன் இருக்கக் கேட்கலாம், வேண்டாம் என்று மறுக்கவும் உரிமை உண்டு. உடலுறவு கொள்ளாத பெண்களுக்குப் பொதுவாக இதைச் செய்வதில்லை, வயிற்றின் மேல் வைத்தே பார்ப்பார்கள். மாதவிலக்குக் கோளாறு உள்ள மகளை அழைத்துப்போக அம்மாக்கள் இந்தப் பயத்தால் தயங்க வேண்டியதே இல்லை.

"அடிக்கடி ஸ்கேன் எடுத்தா புள்ளைக்கு ஆகாது" என்று பாட்டிமார் சொல்வதற்கும் நேர்மையான பதில் வேண்டும். இத்தனை ஆண்டுகளில் மருத்துவக் காரணத்துக்காக எடுக்கும் ஸ்கேன் குழந்தைக்குத் தீங்கு செய்ததாக நிறுவப்படவில்லை. ஆனாலும் ஒலி சக்திதான், திசுவைச் சிறிது சூடாக்கும். அதனால் தேவையான அளவுக்கு மட்டும், தேவையான நேரம் மட்டும் என்பது இத்துறையின் விதி. முதல் மூன்று மாதத்தில் இதயத் துடிப்பைக் "கேட்க வைக்க" டாப்ளர் என்ற, ரத்த ஓட்டத்தை அளக்கும் முறையைத் தட்டுவதை நல்ல மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். திரையில் ஒரு கோட்டலையாகத் துடிப்பை எண்ணும் எம்-மோடு என்ற முறையே போதும். பேரங்காடியில் நினைவுப் படத்துக்காக முக்கால் மணி நேரம் முகத்தில் ப்ரோப்பை வைத்துக்கொண்டிருப்பது எனக்குச் சம்மதமில்லை. பாட்டி சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

இனி வாரங்களுக்கு வருவோம்.

சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு விழுந்த அன்றே ஸ்கேனுக்கு ஓடினால், அநேகமாக ஒன்றும் தெரியாது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால், உள் ஸ்கேனில் நாலரை முதல் ஐந்து வாரத்தில், கர்ப்பப்பைக்குள் கரு வளரும் சிறு பை தெரியும். ஐந்தரை வாரத்தில் அதற்குள் மஞ்சள்கருப் பை, ஆறாவது வாரத்தையொட்டிக் கருவும் துடிப்பும். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் இவையெல்லாம் ஏறக்குறைய ஒரு வாரம் தாமதமாகத் தெரியும். இந்தக் கணக்கு தெரியாததால்தான் "பை இருக்கு, புள்ள இல்லையாம்" என்று வீடே கலங்கிப்போகிறது. மாதவிலக்கு முன்பின் வரும் பெண்ணுக்கு, நாள்காட்டியில் ஏழு வாரம் என்றாலும் உள்ளே ஐந்து வாரக் கருவாக இருக்கலாம்.

அதனால் கரு நின்றுவிட்டது என்று முடிவு செய்வதற்குக் கறாரான அளவுகள் இருக்கின்றன. உள் ஸ்கேனில் பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் கரு இல்லை என்றாலோ, கருவின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் துடிப்பு இல்லை என்றாலோதான் உறுதியாகச் சொல்லலாம். அதற்குக் கீழே இருந்தால் 7 முதல் 14 நாள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அந்த இரண்டு வாரம் நெருப்பின் மேல் நிற்பது போல இருக்கும், உண்மை. ஆனால் உயிருள்ள கருவை அவசரப்பட்டு இழப்பதைவிட அந்தக் காத்திருப்பு மேல். ரத்தப்போக்கு அதிகமில்லாமல், காய்ச்சல் இல்லாமல் இருக்கும்போது முதல் ஸ்கேனிலேயே கர்ப்பப்பையைச் சுத்தம் செய்ய நாள் குறித்தால், "பை எத்தனை மில்லிமீட்டர், கரு எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். மருத்துவருக்கு அது மரியாதைக் குறைவான கேள்வி ஆகாது.

காத்திருக்கக் கூடாத ஒன்று உண்டு. பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்து, கர்ப்பப்பைக்குள் ஒன்றும் தெரியாவிட்டால் மூன்று சாத்தியங்கள்: மிக ஆரம்பக் கர்ப்பம், கலைந்துபோன கர்ப்பம், கருக்குழாயில் தங்கிய கர்ப்பம். மூன்றாவது உயிரைப் பறிக்கக்கூடியது. ரத்தத்தில் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவை 48 மணி நேர இடைவெளியில் இருமுறை பார்த்து, ஸ்கேனோடு சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். இடையில் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, கண் இருட்டல், மயக்கம் ஏதாவது வந்தால் அடுத்த அப்பாயின்மெண்ட் வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தோளுக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது அந்த நரம்பு வலியைத் தோளில் காட்டும்.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு ஸ்கேன்தான் எடுக்க முடியும் என்றாலும் அது தேதி குறிக்கும் ஸ்கேனாக இருக்கட்டும். காரணம் இதுதான். மூன்று மாதம் வரை எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை அளக்கும் சி.ஆர்.எல். என்ற நீளம் ஐந்து முதல் ஏழு நாள் பிழைக்குள் வயதைச் சொல்லிவிடும். போகப்போகப் பரம்பரை, நஞ்சுக்கொடி, அம்மாவின் சர்க்கரை எல்லாம் சேர்ந்து குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு வந்துவிடும். 28 வாரத்துக்கு மேல் ஸ்கேனின் தேதிக் கணக்கில் மூன்று வாரம் வரை பிழை சகஜம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கடைசி மாதவிலக்கு மார்ச் 1 என்று ஒரு பெண் சொல்கிறார். 280 நாள் கூட்டினால் பிரசவத் தேதி டிசம்பர் 6. ஜூன் 7 அன்று ஸ்கேன். நாள்காட்டிப்படி அன்று சரியாக 14 வாரம். ஆனால் சி.ஆர்.எல். 54 மில்லிமீட்டர், அது 12 வாரக் குழந்தையின் நீளம். இந்தப் பருவத்தில் ஏழு நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. எனவே புதிய தேதி டிசம்பர் 20. கர்ப்ப காலப் பதிவேடான பிங்க் புத்தகத்தில் இ.டி.டி. (பிரசவத் தேதி) என்பதற்குப் பக்கத்தில் ஆர்.இ.டி.டி. என்று எழுதுவது இந்தத் திருத்திய தேதியைத்தான்.

இந்த ஸ்கேன் எடுக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 32-ஆவது வாரத்தில் குழந்தை இரண்டு வாரம் பின்தங்கியிருப்பதாகத் தெரியும், வளர்ச்சி போதவில்லையோ என்று எல்லோரும் பதறுவார்கள். தேதி தாண்டிவிட்டது என்று 41 வாரத்தில் வலி வர மருந்து கொடுப்பார்கள், உண்மையில் அது 39 வாரமாக இருக்கும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி உண்டானவர்கள், கருத்தடை மாத்திரை நிறுத்திய கையோடு உண்டானவர்கள், கரு பதியும்போது வந்த லேசான ரத்தத்தை மாதவிலக்கு என்று எண்ணியவர்கள், பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பைக் கோளாறு உள்ளவர்கள் ஆகிய எல்லோருக்கும் இந்தக் குழப்பம் நேரும். "மூணு மாசம் கழியட்டும், அப்புறம் வெளியில சொல்லிக்கலாம்" என்பது நம் வழக்கம். ஊருக்குச் சொல்வதைத் தள்ளிவையுங்கள், கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார கிளினிக்கில் பதிவதைத் தள்ளிவைக்காதீர்கள். அங்குள்ள மிஸ்ஸி (தாதி) ஊருக்குச் சொல்லப் போவதில்லை.

11 முதல் 13 வாரம் 6 நாள் வரை, சி.ஆர்.எல். 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது, பிடரியில் தோலுக்கடியில் தேங்கும் நீரின் தடிமனையும் அளக்கலாம். என்.டி. என்பார்கள். 3.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுக்கும் இதயக் குறைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பொருள், இருக்கிறது என்று பொருளில்லை. இந்த அளவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட முக்கியம். குழந்தை கழுத்தை நிமிர்த்தினால் அளவு கூடும், குனிந்தால் குறையும். அதனால்தான் குழந்தை திரும்பும்வரை உங்களை இருமச் சொல்வதும், எழுந்து நடந்துவிட்டு வரச் சொல்வதும். இரட்டைக் குழந்தை என்றால் இந்த வாரங்கள் பொன்னானவை. இரண்டுக்கும் ஒரே நஞ்சா (நஞ்சுக்கொடியா), தனித்தனியா என்பது இப்போதுதான் தெளிவாகத் தெரியும். நடுச்சுவர் நஞ்சில் சேரும் இடம் தடித்து முக்கோணமாக இருந்தால் தனித்தனி. மெல்லியதாக, ஆங்கில T எழுத்துப் போல நேராகச் சேர்ந்தால் ஒரே நஞ்சு. ஒரே நஞ்சு என்றால் ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் பாயும் அபாயம் உண்டு, 16-ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தாக வேண்டும். பிந்திப் போனால் இந்த அடையாளம் மங்கிவிடும்.

18 முதல் 22 வாரத்துக்குள் உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் விரிவான ஸ்கேன். அரசு கிளினிக்கில் சாதாரணமாக எடுப்பது அடிப்படை ஸ்கேன். சர்க்கரை, வலிப்பு மாத்திரை, முந்தைய குழந்தைக்குக் குறை, இரட்டை என்று காரணம் இருந்தால் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். கோலாலம்பூரில் அது துங்கு அசிசா மருத்துவமனையாகவோ மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையமாகவோ இருக்கலாம். அடிப்படை ஸ்கேனையும் விரிவான ஸ்கேனையும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். அடிப்படை ஸ்கேன் துடிப்பு, அளவு, நஞ்சு, பனிநீர் ஆகியவற்றைப் பார்க்கும். விரிவான ஸ்கேன் மூளையின் நீரறை 10 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, சிறுமூளை வடிவம் சரியா, மேலுதடு பிளந்திருக்கிறதா, முதுகெலும்பு மேலிருந்து கீழ்வரை மூடியிருக்கிறதா, இரைப்பை இடப்பக்கம் இருக்கிறதா, இரண்டு சிறுநீரகமும் உண்டா, கை கால் நான்கும் முழுமையா என்று ஒவ்வொன்றாகத் தேடும்.

இவற்றில் கடினமானது இதயம். அந்த வயதில் அது ஒரு திராட்சைப் பழ அளவு, நிமிடத்துக்கு 140 தடவை துடிக்கிறது, குழந்தையும் சும்மா இருப்பதில்லை. நான்கு அறைகள் மட்டும் தெரிந்தால் போதாது. இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் எந்த அறையிலிருந்து புறப்படுகின்றன, ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். குறுக்காகப் போகாமல் இணையாகப் போனால், குழாய்கள் இடம் மாறியிருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தை வெளியே வந்த சில மணி நேரத்தில் நீலம் பாரித்துவிடும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் குழந்தை இதய மருத்துவர்கள் இருக்கும் இடத்தில் பிரசவத்தை ஏற்பாடு செய்யலாம். ஸ்கேன் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது என்றால் அது இந்த மாதிரி இடத்தில்தான்.

விரிவான ஸ்கேன் நன்றாக இருந்தாலும் டவுன் சிண்ட்ரோம் இல்லை என்று ஆகாது. கணிசமான குழந்தைகளுக்கு 20 வாரத்தில் வெளியே தெரியும் குறை எதுவும் இருக்காது. அந்தக் கேள்விக்கு 10-ஆவது வாரத்திலிருந்து அம்மாவின் ரத்தத்தில் பார்க்கும் என்.ஐ.பி.டி. உண்டு. அதுவும் வடிகட்டும் சோதனைதான். உறுதி செய்ய, 15 வாரத்துக்கு மேல் ஸ்கேன் பார்த்தபடியே ஊசியால் பனிநீர் எடுக்க வேண்டும்.

ஆணா பெண்ணா என்பதும் இந்த ஸ்கேனில்தான் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர்கள் இங்கே மருத்துவர் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டு அசந்துபோவார்கள், ஏனென்றால் இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. அங்கே அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். இங்கே தெரிந்துகொள்ள முடிகிறது என்பதால் அதை வைத்து ஒரு பெண்ணின் முகம் வாடும்படி வீட்டில் யாரும் பேசிவிடக் கூடாது.

அதே 20-ஆவது வாரத்தில் "நஞ்சு கீழ இருக்கு" என்று எழுதினால், படுத்த படுக்கையாகிவிட வேண்டாம். நஞ்சின் விளிம்பு கர்ப்பப்பை வாயின் உள்துவாரத்திலிருந்து 20 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கீழ் நஞ்சு, மூடியிருந்தால் பிரீவியா. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் நீளும். அது நீளும்போது பெரும்பாலானவர்களுக்கு நஞ்சு விலகிப் போய்விடும். 32-ஆவது வாரத்தில் உள் ஸ்கேன் வழியாக மறுபடி பார்ப்பது வழக்கம். சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்தாலோ, அந்த நேரம் கர்ப்பப்பை இறுகியிருந்தாலோ நஞ்சு கீழே இருப்பது போலத் தோன்றும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து மறுபடி பார்க்கச் சொல்வது அதற்காக. முன்பு சிசேரியன் ஆனவருக்கு நஞ்சு முன்பக்கமும் கீழேயும் இருந்தால் மட்டும் கதை வேறு. பழைய தழும்புக்குள் நஞ்சு வேர்விட்டிருக்கலாம், பிரசவத்தில் ரத்தம் கட்டுக்கடங்காமல் போகும். அனுபவமுள்ளவர் அதற்கென்றே ஸ்கேன் பார்க்க வேண்டும், ரத்த வங்கி உள்ள பெரிய மருத்துவமனையில்தான் பிரசவம் நடக்க வேண்டும்.

வளைகாப்பு நடக்கும் மாதத்தில் வரும் ஸ்கேன் குறிப்பை நம்மவர்கள் எடைக்காக மட்டும் பார்க்கிறார்கள். பிங்க் புத்தகத்தில் 31-ஆவது வாரத்து வரி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பி.பி.டி. 7.8, எச்.சி. 28.6, ஏ.சி. 27.0, எஃப்.எல். 6.0, இ.எஃப்.டபிள்யூ. 1.7 கிலோ, ஏ.எஃப்.ஐ. 12. முதல் இரண்டும் தலையின் குறுக்களவு, சுற்றளவு. மூன்றாவது வயிற்றுச் சுற்றளவு. நான்காவது தொடை எலும்பு. எல்லாம் சென்டிமீட்டர். இந்த நான்கையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கருவி கணித்த எடைதான் 1.7. யாரும் குழந்தையைத் தராசில் வைக்கவில்லை. பிழை 10 முதல் 15 சதவீதம் இருக்கும். கடைசி மாதத்தில் 3.5 கிலோ என்றால் 3.0 ஆகவும் பிறக்கலாம், 4.0 ஆகவும் பிறக்கலாம். ஏ.எஃப்.ஐ. பனிநீரின் அளவு, 5 முதல் 25 வரை சரி.

மூன்று வாரம் கழித்து, 34-ஆவது வாரத்தில் அதே பெண்ணுக்கு 8.4, 30.8, 28.2, 6.6, எடை 2.1 கிலோ என்று வருகிறது. 400 கிராம் ஏறியிருக்கிறதே என்று வீட்டில் நிம்மதி. நான் மூன்றாவது எண்ணில் நிற்பேன். இந்த வாரங்களில் வயிற்றுச் சுற்றளவு வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூட வேண்டும். மூன்று வாரத்தில் 1.2 மட்டுமே கூடியிருக்கிறது. தலையும் தொடையும் வளர்கின்றன, வயிறு வளரவில்லை. நஞ்சு வழியே வரும் சத்து குறைந்தால் குழந்தை மூளைக்கு ரத்தத்தை ஒதுக்கிக்கொள்ளும். கல்லீரலில் சேமிப்புத் தீரும், வயிறு சுருங்கும். இங்கே தொப்புள்கொடி டாப்ளர் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் ரத்தம் முன்னோக்கி ஓடிக்கொண்டே இருந்தால் நல்லது. நின்று நின்று ஓடினால் மருத்துவமனையில் சேர்த்துக் கவனிப்பார்கள். பின்னோக்கி ஓடினால் பிரசவத்தைத் தள்ளிவைக்க நேரமில்லை. இதற்கு மாறாக, சர்க்கரை உள்ள அம்மாவின் குழந்தைக்கு முதலில் பெருப்பதும் இதே வயிற்றுச் சுற்றளவுதான். இரண்டு அளவுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி இல்லாவிட்டால், வளர்ச்சி எது, அளவுப் பிழை எது என்று பிரிக்க முடியாது. வாராவாரம் எடை பார்க்கச் சொல்லிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

"கொடி கழுத்தை சுத்தியிருக்கு" என்பதும் குடும்பத்தையே நடுங்க வைக்கும் வாக்கியம். நன்றாகப் பிறக்கும் எத்தனையோ குழந்தைகளின் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும், அவிழவும் செய்யும். அதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

நம் மக்களுக்கு இன்னொரு குறிப்பு. ஆர்.எச். நெகட்டிவ் ரத்தம் மலாய், சீனப் பெண்களைவிட இந்தியப் பெண்களிடம் அதிகம். அப்படிப்பட்ட அம்மாவின் வயிற்றில் ஆர்.எச். பாசிட்டிவ் குழந்தை இருந்து, அம்மாவின் உடலில் எதிர்ப்பொருள் உண்டாகிக் குழந்தையின் ரத்தத்தை அழித்தால், முன்பெல்லாம் ஊசியால் மாதிரி எடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இப்போது குழந்தையின் மூளை ரத்தக் குழாயில் ஓட்டத்தின் வேகத்தை அளந்தாலே சோகையின் கடுமை தெரிந்துவிடும். ரத்தம் நீர்த்தால் வேகமாக ஓடும் என்ற எளிய தத்துவம்தான்.

கர்ப்பம் இல்லாத காலத்துக்கு வருகிறேன். இந்தக் கருவியின் வரலாறே அங்கிருந்துதான் தொடங்கியது. கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர், உலோகத்தில் விரிசல் தேடும் தொழிற்சாலைக் கருவியைப் பெண்ணின் வயிற்றில் வைத்துப் பார்த்தார். இனி ஒன்றும் செய்ய முடியாத வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு அது பெரிய சினைப்பை நீர்க்கட்டி என்று காட்டினார், கட்டி அகற்றப்பட்டது. 1958-இல் அவரும் அவருடைய குழுவினரும் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை இத்துறையின் அடித்தளம்.

இங்கேயும் நாள் முக்கியம். மாதவிலக்கு தொடங்கிய 5-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள் போங்கள். அப்போது கர்ப்பப்பையின் உள்சவ்வு மெல்லியதாக இருக்கும், பாலிப் போன்ற சிறு வளர்ச்சி பளிச்சென்று தெரியும். மாதவிலக்குக்கு நாலு நாள் முன் போனால் சவ்வு இயல்பாகவே ஒன்றரை சென்டிமீட்டர் வரை தடித்திருக்கும், முட்டை வெளியான இடத்தில் இயற்கையான ஒரு கட்டியும் நிற்கும். இரண்டையும் நோய் என்று எண்ணி மனம் உடைந்தவர்கள் உண்டு. மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு, சுவர் மெல்லியதாக, உள்ளே வெறும் நீராக, 5 சென்டிமீட்டருக்குக் கீழ் இருக்கும் கட்டிக்குப் பொதுவாகச் சிகிச்சை எதுவும் வேண்டாம். 5 முதல் 7 வரை என்றால் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கலாம். அதற்கு மேலோ, உள்ளே திடப்பகுதி இருந்தாலோ மேற்கொண்டு ஆராய வேண்டும். உள்ளே வலை போல நூலோடினால் ரத்தக்கட்டி, ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பார்த்தால் காணாமல் போயிருக்கும். அரைத்த கண்ணாடி போல ஒரே சாம்பல் நிறமாக இருந்து மறையாமல் நின்றால், மாதவிலக்கின் கடும் வலியோடு சேர்த்து எண்டோமெட்ரியோசிஸை (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) நினைக்க வேண்டும்.

ஃபைப்ராய்டு என்ற கர்ப்பப்பைத் தசைக் கட்டிக்கு அளவைவிட இடம் முக்கியம். கர்ப்பப்பைக்கு வெளிப்புறமாக வளர்ந்த 5 சென்டிமீட்டர் கட்டி சத்தமில்லாமல் இருக்கும். உட்புறம் துருத்திய 2 சென்டிமீட்டர் கட்டி மாதாமாதம் ரத்தத்தை வடித்து ஹீமோகுளோபினை 7-க்கு இறக்கிவிடும். ரிப்போர்ட்டில் எத்தனை சென்டிமீட்டர் என்று மட்டும் இருந்தால், அது உள்சவ்வைத் தொடுகிறதா என்று கேளுங்கள்.

பி.சி.ஓ.எஸ். விஷயத்தில் ஸ்கேன் தவறாகப் பயன்படுகிறது. "நீர்க்கட்டி" என்று நாம் சொல்வது கட்டியே இல்லை, முதிராமல் நின்ற சிறு சிறு முட்டைப்பைகள். பெரிய பெண்ணாகி எட்டு ஆண்டு ஆகாத பிள்ளைகளின் சினைப்பை இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். அதனால் 15 வயதுப் பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். என்று முத்திரை குத்தக் கூடாது என்று 2023-இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது. வளர்ந்த பெண்ணுக்கும், மாதவிலக்கு ஒழுங்கின்மையும் முகத்தில் முடியும் ஆண் ஹார்மோன் கூடுதலும் சேர்ந்து இருந்தால் ஸ்கேன் இல்லாமலே கண்டறியலாம்.

மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், சூடு என்று மோர் குடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. உள் ஸ்கேனில் உள்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு உட்பட்டிருந்தால் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் என்றால், அல்லது மெல்லியதாக இருந்தும் ரத்தம் மீண்டும் வந்தால், சவ்வில் சிறிது எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அம்மாவிடமும் அத்தையிடமும் இதை வெளிப்படையாகக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மார்பில் கட்டி தட்டுப்படும் இளம் பெண்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள், அந்த வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருந்து மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரேயில் கட்டி மறைந்துவிடும் என்பதால். 40-ஐத் தாண்டியவர்கள் அதை மேமோகிராமுக்கு மாற்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள்தான் சில புற்றுநோய்களின் முதல் அடையாளம், அவை அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தெரியாது.

கடைசியாக, அந்தப் படத்தாள். அது வெப்பத்தால் அச்சாகும் தாள், நாளாக ஆக மங்கும். காரில் வெயிலில் விட்டாலும் மங்கும். ஆசையாக லேமினேட் செய்யக் கொடுத்தால் சூட்டில் மொத்தமும் கறுத்துவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். படத்தோடு சேர்த்து, அளவுகள் எழுதிய பக்கத்தையும் எடுங்கள். ஊர் மாறிப் பினாங்கிலோ ஈப்போவிலோ அம்மா வீட்டில் பிரசவம் என்றால், அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது 12-ஆவது வாரத்து சி.ஆர்.எல். எண்ணைத்தான்.